“நாய் வேண்டாம்” என்று சொன்னால் போதாது: வன்னியில் வீடு வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் என்று வன்னி முழுக்க வீடு வாடகைக்குக் கொடுக்கிற அண்ணாமார், அக்காமார், ஐயாமார், அம்மாமாருக்கும், வீட்டை இங்கே தம்பியிடமோ மச்சானிடமோ ஒப்படைத்துவிட்டு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து போனில் முடிவு சொல்லுகிறவர்களுக்கும் வணக்கம்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டைக் காலிசெய்துகொண்டு போனவர்கள் தங்கள் நாயைப் பின்வளவு மாமரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் சாமான் ஏற்றிய லொறி போனது. இரண்டு நாள் நாய் குரைத்த சத்தம் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்டது, ஆட்கள் இன்னும் முழுதாகப் போகவில்லையாக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டோம். ஞாயிறு காலையில் அந்தச் சத்தம் இருமல் மாதிரி மாறின பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெடியன் மதிலால் ஏறிப் பார்த்தான். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. கயிறு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரு முழம்தான் மிச்சம்.

வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம், வந்தார். நல்ல மனிதர், எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அவருக்குச் சரியான கோபம். “நான் நாய் வேண்டாம் எண்டு தெளிவாச் சொல்லித்தானே அக்கா வீடு குடுத்தனான்” என்றார். “சொன்னீங்கள் தம்பி, சரி. நாயைப் பற்றி ஏதாவது கேட்டீங்களோ?” என்றேன். “அதில கேக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு வெயிலில் நின்றுகொண்டு என்னால் ஒழுங்காக மறுமொழி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், அவருக்கும் உங்களுக்கும் சேர்த்து.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சியில் என்னுடைய வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறையையும் ஒரு குசினியையும் வாடகைக்குக் கொடுக்கிறேன். அதற்கு முன் நானே எட்டு வருடம் வவுனியாவில் வாடகைக்கு இருந்தவள், அதுவும் நாயோடு. இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் பிழையும் விட்டிருக்கிறேன்.

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது விசுவமடுப் பக்கம் போகிற ட்ரக்டரில் ஆட்களுக்கே இடம் இல்லை. எங்கள் நாயின் கயிற்றை அவிழ்த்து, இருந்த சோற்றை வாளியோடு வைத்துவிட்டு ஏறினோம். றோட்டு முனை மட்டும் பின்னால் ஓடி வந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் ஏலாது. முகாமால் வெளியில் வந்து வவுனியாவில் வாடகைக்கு ஏறின பிறகு, குருமன்காட்டுச் சந்தியில் மழையில் நின்ற ஒரு குட்டியை என்னுடைய மகள் தூக்கிக்கொண்டு வந்தாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குட்டியோடு எட்டு வருடத்தில் நாலு வீடு மாறினோம். மூன்றாவது வீட்டு அம்மா “நாய் கீய் இருக்கோ?” என்று கேட்டபோது நான் “இல்லை” என்று பொய் சொன்னேன். இரண்டு கிழமை நெளுக்குளத்தில் தங்கச்சி வீட்டில் வைத்திருந்துவிட்டு ஒருநாள் இரவு ஓட்டோவில் கொண்டுவந்து பின்கதவால் ஏற்றினோம். மூன்றாம் நாள் அந்த அம்மா கண்டுவிட்டார். ஏசவில்லை, போகச் சொல்லவும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு அந்த வளவில் இருந்த ஒரு வருடமும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. அந்தப் பொய்க்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் அந்த வாசலில் நான் ஏன் பொய் சொன்னேன் என்பதை வீடு கொடுக்கிற நீங்கள் அறிய வேண்டும். அதற்கு முன் ஏழு வீட்டில் “இருக்கு” என்று உண்மை சொன்னேன், ஏழு வீட்டிலும் அடுத்த கேள்வி இல்லாமல் கேற்றைச் சாத்தினார்கள். என்ன நாய், எவ்வளவு பெரிசு, ஊசி போட்டதோ, யார் பார்ப்பது, ஒன்றும் இல்லை. உண்மை சொல்லுகிறவனுக்கு வீடு இல்லை, ஒளிக்கிறவனுக்குத்தான் வீடு என்றால், உங்கள் வீட்டுக்கு யார் வந்து சேருவார்கள்? நாயை வடிவாகப் பார்க்கிற ஒழுங்கான ஆள் “நாய் இருக்கு” என்று சொல்லித் திரும்பிப் போவார். எப்படியும் சமாளிக்கலாம் என்று நினைக்கிற ஆள் உள்ளே வருவார், பின்னால் நாயும் வரும்.

உங்கள் பயம் எல்லாம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நானே பட்டிருக்கிறேன். நான் முதன்முதல் முன்பக்கத்தைக் கொடுத்தது யாழ்ப்பாணத்தில் இருந்து வேலைக்கு வந்த ஒரு இளம் குடும்பத்துக்கு. ஒரு பழுப்பு நிற நாய், நல்ல வளர்த்தி. நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: “கடிக்குமோ?” “இல்லை அக்கா, சரியான சாது” என்றார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நாய் ஒரு மனிதரையும் கடிக்கவில்லை. ஆனால் முதல் மாதத்திலேயே பின்வீட்டில் ஆறு கோழியைப் பிடித்துவிட்டது. பின்வீட்டு அம்மா முட்டை விற்றுத்தான் பிள்ளையின் ரியூசன் காசு கட்டுகிறவர். ஆறாவது கோழியின் செட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னுடைய வாசலில் வந்து நின்றார், வாடகைக்கு இருக்கிறவர்களின் வாசலில் இல்லை, என்னுடைய வாசலில். வளவு என்னுடையது, ஊர் உறவும் என்னுடையது, அவர்கள் இரண்டு வருடத்தில் இடமாற்றம் எடுத்துப் போய்விடுவார்கள். கோழிக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

அது முடியவில்லை. அந்தக் குடும்பம் வெள்ளிக்கிழமை பின்னேர ரெயினுக்கு ஊருக்குப் போய்த் திங்கள் காலையில்தான் திரும்பும். வன்னியில் வேலைசெய்கிற எத்தனையோ உத்தியோகத்தர்களுக்கு அதுதான் வாழ்க்கை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாய் அந்த மூன்று இரவும் தனியே. ஒரு பெரிய சட்டி சோறும் ஒரு வாளி தண்ணீரும் வைத்துவிட்டுப் போவார்கள். முதல் இரவு ஊளை, இரண்டாம் இரவு கதவுநிலையைப் பிறாண்டும், மூன்றாம் நாள் சோறு புளித்து இலையான் மொய்க்கும். அவர்கள் போன பிறகு கதவுநிலை மாற்ற வேண்டி வந்தது. அதைவிடப் பெரிய தொல்லை உண்ணி. சுவர் வெடிப்பு, கதவு இடுக்கு, ஓட்டுக்குக் கீழ் என்று போய் ஒளிந்து முட்டையிடுகிற சாமான் அது, ஒரு உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும், நாய் வீட்டை விட்டுப் போனாலும் உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். மருந்து அடித்து, வெடிப்புக்குச் சீமெந்து பூசி, திரும்பப் பெயின்ற் அடித்துத்தான் அடுத்த ஆளுக்குக் கொடுத்தேன்.

அப்போது நான் எடுத்த முடிவும் “இனி நாய் உள்ளவர்களுக்கு இல்லை” என்பதுதான். அந்த முடிவோடு நான் ஒரு வருடம்கூட இருக்கவில்லை. காரணம் ஒரு தங்கச்சி. இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியே இருக்கிறவள், போரில் கணவனைப் பறிகொடுத்தவள். வீடு கேட்டு வந்தபோது கேற்றடியிலேயே நின்று, “அக்கா முதலே சொல்லிப்போடுறன், எனக்கு ஒரு நாய் இருக்கு, அது இல்லாமல் நான் வரமாட்டன்” என்றாள். ஏன் என்று கேட்டேன். முன்பு இருந்த காணியில் இரவில் யாரோ வேலியடியில் வந்து நின்றதையும், நாய் இருந்தபடியால் பிள்ளைகளோடு கண்ணை மூட முடிந்ததையும் சொன்னாள். வன்னியில் பெண்கள் தலைமை தாங்குகிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காட்டோரக் குடியேற்றங்களில் யானை வந்தால், பன்றி வந்தால், பாம்பு முற்றத்தில் ஏறினால் முதலில் சொல்லுவதும் நாய்தான். இவர்களிடம் போய் “நாயை விட்டுவிட்டு வா” என்று சொல்லுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்றைக்கு அவளை விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, முதல் தடவையாக ஒரு நாயைப் பற்றி ஒரு மணித்தியாலம் விசாரித்தேன். அப்படி விசாரித்துக் கொடுத்த வீடுதான், நாலு வருடம் ஒரு சச்சரவும் இல்லாமல் இருந்தாள்.

சரி, அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன கேட்டேன், அதற்குப் பிறகு வந்தவர்களிடம் என்னென்ன கேட்கப் பழகினேன் என்று சொல்லுகிறேன்.

நான் முதலில் கேட்பது நாயைப் பற்றியே இல்லை, சனி ஞாயிறைப் பற்றி. ஊருக்குப் போகிற ஆளா, எத்தனை கிழமைக்கு ஒருக்கால் போவார், போனால் நாய் கூடப் போகுமா, இல்லையென்றால் யார் வந்து சோறு வைப்பது, அந்த ஆளின் பெயர் என்ன, போன் இலக்கம் என்ன. “பக்கத்தில ஆரையும் கேட்டு வைப்பம்” என்று சொன்னால் அந்த “ஆரையும்” என்பது நான்தான் என்று எனக்கு விளங்கிவிடும். அப்படிப்பட்டவர்களிடம் நான் நேரே சொல்லிவிடுவேன்: என்னால் பார்க்க முடியும் என்றால் முடியும் என்று இப்போதே சொல்லுவேன், முடியாது என்றால் நீங்கள் ஒரு ஆளை ஒழுங்குசெய்து எனக்கு அறிமுகப்படுத்திய பிறகுதான் திறப்பு. பகலில் எவ்வளவு நேரம் தனியே இருக்கும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். கணவன் மனைவி இரண்டு பேரும் காலை ஏழரைக்குப் போய்ப் பின்னேரம் ஐந்துக்கு வருகிறவர்கள், நாய் நாள் முழுக்கச் சங்கிலியில் என்றால் எனக்கு யோசனைதான். ஓயாமல் கட்டிக்கிடக்கிற நாய் சீறுகிற நாயாக மாறுவதை எல்லாரும் கண்டிருக்கிறோம்.

அடுத்தது தடுப்பூசி அட்டை. வாயால் “போட்டிருக்கு” என்று சொன்னால் போதாது, அட்டையைக் கையில் வாங்கித் திகதியைப் பாருங்கள். விசர்நோய்த் தடுப்பூசி வருடம் ஒருமுறை போட வேண்டும், அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, ஊருக்கு வருகிற நாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு அறியலாம். காசு இல்லாமல் கிடைக்கிற ஊசியைக்கூடப் போடாத ஆள், உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் சொல்லுவாரா என்று யோசியுங்கள். விசர்நோய் அறிகுறி நாயில் தொடங்கினால் நாய் தப்பாது, கடிபட்ட மனிதரில் தொடங்கினால் அவரும் கிட்டத்தட்டத் தப்பவே மாட்டார். அதனால் இந்த ஒரு விசயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அட்டை இல்லையா, ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள், வீடு அதுவரை உங்களுக்காக இருக்கும் என்று சொல்லுவேன். ஒரு கிழமைக்குள் போட்டுக்கொண்டு வந்து காட்டினவர்களும் இருக்கிறார்கள், திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள். நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் என்று 1901ஆம் ஆண்டில் இருந்தே ஒன்று இருக்கிறது, நாயை வருடாவருடம் உள்ளூராட்சி மன்றத்தில் பதிய வேண்டும். கரைச்சியோ புதுக்குடியிருப்போ, எந்தப் பிரதேச சபை என்றாலும் போய்க் கேட்டுப் பதியச் சொல்லுங்கள். பதிவு இருந்தால் நாளைக்கு ஒரு பிரச்சினை வரும்போது “இது எங்கட நாய் இல்லை” என்று யாரும் கையை விரிக்க முடியாது.

பெண் நாயா, ஆண் நாயா, கருத்தடை செய்ததா என்று கேட்க எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். கூச்சப்பட்டு நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன், பிறகு ஒரு மாதம் ஒழுங்கையில் உள்ள ஆண் நாய்கள் எல்லாம் என் கேற்றடியில் படுத்துக் கிடந்தன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போக முடியவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது கிழமையில் ஏழு குட்டி. அந்த ஏழு குட்டிக்கும் யார் பொறுப்பு என்று யாரிடம் கேட்பது? பெண் நாய் என்றால், கருத்தடை செய்தாயிற்றா, இல்லையென்றால் எப்போது செய்வீர்கள் என்று மாதத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டுக்காரரிடம் கட்டாயம் கதையுங்கள். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையின் ஊருக்கே போய் விசாரிக்கிறோம், இலட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டின வீட்டைக் கொடுக்கும்போது ஒரு போன்கூட எடுப்பதில்லை. “எப்படி ஆக்கள்?” என்று பொதுவாகக் கேட்டால் “நல்ல ஆக்கள்” என்று பொதுவாகத்தான் சொல்லுவார்கள், சில நேரம் தங்கள் வீட்டில் இருந்து கழன்றால் போதும் என்றுகூடச் சொல்லுவார்கள். அதனால் குறித்துக் கேளுங்கள்: நாய் ஆரையும் கடிச்சதோ, பக்கத்து வளவுக் கோழி ஆட்டுக்குப் போனதோ, இரவில குரைக்குமோ, வீட்டை என்ன நிலைமையில திருப்பித் தந்தவை, திரும்ப வந்து கேட்டால் குடுப்பீங்களோ? கடைசிக் கேள்விக்கு அவர் மறுமொழி சொல்ல எடுக்கிற நேரத்தையும் கவனியுங்கள்.

முடிந்தால் நாயை அது இப்போது இருக்கிற இடத்தில் போய்ப் பாருங்கள். பழக்கமில்லாத உங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தால் எந்த நாயும் பதறும், ஒன்றில் குரைக்கும், இல்லையென்றால் வாலைச் சுருட்டிக்கொண்டு கதிரைக்குக் கீழ் போய்விடும், அதில் இருந்து ஒன்றும் தெரியாது. அதன் சொந்த இடத்தில் தெரியும். கயிறு கழுத்தில் புண் ஆக்கியிருக்கிறதா, காதுமடலில் உண்ணி கொத்தாக இருக்கிறதா, தண்ணீர்ச் சட்டி சுத்தமாக இருக்கிறதா, முற்றத்தில் பீ அள்ளாமல் கிடக்கிறதா. சொந்தக்காரர் ஒரு சொல் சொன்னால் கேட்கிறதா, இல்லை அவரே பயந்துகொண்டு தடியோடு நிற்கிறாரா. அவர் நாயைத் தொடும்போது நாய் பதுங்கினால் எனக்கு அதுவே போதும், அந்த வீட்டில் அடி விழுகிறது. நீங்கள் போகும்போது அது குரைத்தால் அதைக் குற்றமாக எடுக்காதீர்கள், அன்னிய ஆளைக் கண்டு குரைப்பது அதன் வேலை. எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். அதேநேரம் குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம், குரைத்துக்கொண்டே கடிக்கிற நாயும் இருக்கிறது.

சாதி நாயா ஊர் நாயா என்று பார்த்து முடிவெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜேர்மன் ஷெப்பர்ட் என்றால் பெரிய வீட்டு ஆட்கள், வீடு கொடுக்கலாம், ஊர் நாய் என்றால் வேண்டாம் என்று. வேறு சிலர் பெரிய நாய் என்றாலே பயந்து, சின்னப் பொமரேனியன் என்றால் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள். நாள் முழுக்கக் கத்துகிற சின்ன நாயையும், ஒரு சத்தம் காட்டாத பெரிய நாயையும் நான் கண்டிருக்கிறேன். வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிற நாயா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். உடும்பையும் முயலையும் துரத்திப் பழகின நாய் உங்கள் அயலில் உள்ள கோழியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது.

இனி எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி. என்னைக் கேட்டால் வேறு ஒன்றையும் கேட்க நேரம் இல்லையென்றாலும் இதைக் கேளுங்கள்: “இடமாற்றம் வந்தால் நாயை என்ன செய்வீங்கள்?”

ஆசிரியர்கள், தாதிமார், வங்கி உத்தியோகத்தர்கள், திட்டங்களில் வேலைசெய்கிறவர்கள் எல்லாரும் இங்கே மூன்று நாலு வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் அறை எடுத்திருக்கிற பல்கலைக்கழகப் பிள்ளைகள் முதல் வருடத்தில் பாசமாக ஒரு குட்டியை எடுத்து வளர்க்கிறார்கள், படிப்பு முடிய ஆளுக்கொரு ஊருக்குப் போகிறார்கள், குட்டி பெரிய நாயாகிச் சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளில் கெட்ட மனம் இல்லை, யாரும் அவர்களிடம் நேரத்தோடு இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வீடு கொடுக்கிற நாளில் நீங்கள் கேட்டால் சிலர் அந்த இடத்திலேயே முதல்முதலாக யோசிப்பார்கள். “கொண்டுதான் போவம்” என்று சொல்லுகிறவரிடம், போன இடமாற்றத்தின்போது எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேளுங்கள். லொறியில் முன்னுக்கு ஏற்றிக்கொண்டு வந்தோம், வழியில் மாங்குளத்தில் நிறுத்தித் தண்ணீர் வைத்தோம் என்று கதை சொல்லுகிறவர் திரும்பவும் கொண்டுபோவார். மாமரத்தில் கட்டிவிட்டுப் போனவர்களிடம் இந்தக் கேள்வியை அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் என்று நான் இந்தக் கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்பது போல உங்கள் பக்கத்து உண்மையையும் சொல்ல வேண்டும். வேலி எப்படி? முட்கம்பி மூன்று வரிசை என்றால் எந்த நாயும் புகுந்து போகும், கிடுகும் தகரமும் அடித்திருந்தாலும் கீழே தோண்டும். வேலியை நீங்கள் இறுக்குவீர்களா, அவர்கள் இறுக்குவதா, அந்தச் செலவு வாடகையில் கழியுமா என்று முதலே பேசுங்கள். கட்டு இல்லாத கிணறு இருந்தால் அதையும் சொல்லுங்கள், விழுந்தால் நாயும் போகும், இரண்டு வீட்டுக் குடிதண்ணீரும் போகும். அதே வளவில் வேறு குடும்பம் இருந்தால், நாய்க்குப் பயந்த பிள்ளை இருந்தால், ஒருமுறை கடிபட்ட வயதானவர் இருந்தால், அவர்களிடமும் ஒரு சொல் கேட்ட பிறகு ஓம் சொல்லுங்கள்.

உங்களுக்கே விருப்பம் இல்லையென்றால் அது உங்கள் உரிமை. சாமியறை இருக்கிற வீட்டுக்குள் நாய் ஏறக்கூடாது என்கிறவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம் வீடுகளில் தொழுகைச் சுத்தம் பற்றிய காரணம் இருக்கிறது. ஆஸ்துமாப் பிள்ளை உள்ள வீடு இருக்கிறது. காரணத்தைச் சொல்லி மறுத்தால் எந்த ஒழுங்கான மனிதரும் மனம் நோகமாட்டார். “நாய் முற்றத்தில் நிற்கலாம், வீட்டுக்குள் வேண்டாம்” என்று நடுவில் ஒரு இடமும் இருக்கிறது, அதற்கு முன்விறாந்தையில் மழை படாத ஒரு மூலை நீங்கள் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்றை நான் பச்சையாகச் சொல்ல வேண்டும். நாயைப் பற்றி விசாரிக்கிற சாட்டில் “நீங்கள் எந்தப் பக்கம், ஆற்ற ஆக்கள்?” என்று சாதி பிடிக்கிற வேலை எங்கள் ஊர்களில் நடக்கிறது. ஆள் பிடிக்காவிட்டால் நாயைக் காரணம் காட்டி அனுப்புகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்றவர்கள் நாங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்பு விலங்கு கூடாது என்று எழுதினால் அந்த வரியே செல்லாது. குடியிருப்பவரின் நாய் ஆபத்தானது, பெரிய தொல்லை கொடுக்கிறது, கடுமையான ஒவ்வாமை உண்டாக்குகிறது என்பது போல ஒரு காரணம் காட்டினால்தான் அவரை எழுப்ப வழி. இங்கிலாந்தில் 2025இல் நிறைவேறின வாடகையாளர் உரிமைச் சட்டம், குடியிருப்பவர் எழுத்தில் கேட்டால் தக்க காரணம் இல்லாமல் மறுக்கக்கூடாது என்கிறது. இங்கே எங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, முடிவு முழுக்க உங்கள் கையில். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன், ஒரு நிமிட வட்ஸ்அப் அழைப்பில் “நாய் எண்டால் வேண்டாமடா” என்று தம்பிக்குச் சொல்லிவிட்டு வைக்காதீர்கள். அந்தத் தம்பியைப் போய் நாயைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஓம் என்று முடிவெடுத்தால் எழுதுங்கள். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் மறந்துபோகும். வாடகை உடன்படிக்கையில் நாய்க்கென்று ஒரு பந்தி போதும்: எத்தனை நாய், என்ன நிறம், என்ன பெயர், பிறகு இன்னொன்று எடுப்பதென்றால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், தடுப்பூசி தவறக்கூடாது, இரவில் கேற்றுக்கு வெளியே விடக்கூடாது, அயலில் கோழி ஆடு போனால் காசு அவர்கள் கொடுக்க வேண்டும், போகும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். திறப்புக் கொடுக்கிற நாளில் கதவு, சுவர், நிலம் எல்லாவற்றையும் இரண்டு பேரும் நின்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீறல் முதலே இருந்ததா, பிறகு வந்ததா என்ற சண்டை அதோடு முடியும். நாய்க்கென்று தனியாக ஒரு முற்பணம் வாங்குவது பிழை இல்லை, ஆனால் அது திருப்பிக் கொடுக்கிற காசு என்று எழுதுங்கள், வீடு நல்லபடி இருந்தால் முகம் கோணாமல் திருப்பிக் கொடுங்கள். ஏற்கெனவே ஒரு வருட வாடகையை முற்பணமாக வாங்கிக்கொண்டு, நாயைச் சாட்டி மாதா மாதமும் கூட்டி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வீடு கொடுத்த பிறகு, நடுவில் மனம் மாறி “நாயை அனுப்பு” என்று சொல்லுவதும் அப்படித்தான். அனுப்புவதற்கு அதற்கு வேறு இடம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும்.

முதல் மூன்று மாதம் அடிக்கடி போய்ப் பாருங்கள். சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று பின்பக்கத்தால் போய் நின்றால் கடிபடுவது நீங்கள்தான். ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து நாயோடு பழகிக்கொள்ளுங்கள், அது உங்கள் வளவைத்தான் காக்கிறது.

மாமரத்து நாய் இப்போது என்னுடைய பின்விறாந்தையில் படுத்திருக்கிறது. கழுத்துப் புண்ணுக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் மருந்து கட்டினார்கள், தொண்டை இன்னும் சரியாகவில்லை, குரைத்தால் காற்றுத்தான் வருகிறது. அந்த வீட்டைக் கேட்டு இந்தக் கிழமை மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தது பரந்தனில் இருக்கிற ஒரு ரீச்சர் குடும்பம், நாய் இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்காரத் தம்பி நேற்றுப் பின்னேரம் ஒரு கொப்பியோடு வந்து, “அக்கா, என்னென்ன கேக்கிறது எண்டு ஒருக்கால் திரும்பச் சொல்லுங்கோ, எழுதப் போறன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்களுடைய நாயைப் பார்க்க இரண்டு பேருமாகப் பரந்தனுக்குப் போகிறோம்.

அன்புடன்,
கிளிநொச்சியில் இருந்து, உங்களைப் போல வீடு வாடகைக்குக் கொடுக்கிற ஒருத்தி